பதினேழாவது எபிசோடும் இருபத்திரண்டு நிமிடமும்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. காவல் நிலையத்தில் இப்படி ஒரு பேனா கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வலது கை வீங்கியிருப்பதால் எழுத்து கொஞ்சம் கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கை எப்படி வீங்கியது என்று உங்கள் எழுத்தர் நேற்று இரண்டு முறை கேட்டார். எங்காவது இடித்துக்கொண்டிருப்பேன். அவர் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன்; மூன்று பக்கத்தில் பதினோரு பிழை. போதாததற்கு நான் சொல்லாததையும் சேர்த்திருக்கிறார். 'மனம் பொறுக்காமல்' என்று ஓர் இடத்தில், 'ஆத்திரம் தலைக்கேறி' என்று இன்னோர் இடத்தில். எனக்கு மனம் நன்றாகவே பொறுத்தது; ஆத்திரமும் இல்லை. மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவன் நான். என் வாக்குமூலத்தையாவது நானே எழுதிக்கொள்கிறேன், விடுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று என்னை இந்த அறையில் உட்கார வைத்தீர்கள். நான் எந்தத் தொடரை எழுதியவன் என்று தெரிந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சார், அந்தப் பதினேழாவது எபிசோடு நீங்க எழுதினதா?" இல்லை என்றதும் உங்கள் முகம் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்ததாகச் சொன்னீர்கள். ஊரே அழுதது, நீங்கள் மட்டும் என்ன விதிவிலக்கா? விசாரணை அதிகாரிக்குக் கொஞ்சம் கூடுதல் அறிவு இருக்கும் என்று நினைத்தது என் தவறு.

இதைப் படிக்கப்போகும் நீதிபதி தொலைக்காட்சி பார்க்காத புண்ணியவானாக இருக்கலாம். அவருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தொடர் முப்பது வருடங்களுக்கு முன் வாரம் ஒருமுறை ஒளிபரப்பானது. இருநூறு பேர் ஒரு விண்கப்பலில் வேறு உலகம் தேடிப் போகிறார்கள். மொத்தம் நாற்பத்தைந்து எபிசோடு. அதில் நாற்பத்து நான்கை எழுதியவன் நான். எரிபொருள் எங்கே தீர்ந்தது, கலகம் ஏன் வந்தது, எந்தக் கோளில் யார் இறங்கினார்கள் என்று ஒன்றோடு ஒன்று பின்னி, ஓர் இழை பிசகாமல் கொண்டுபோனேன். பதினேழாவதுக்கும் அதன் முன்பின் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனியாக நிற்கிற எபிசோடு. அதை உருவி எடுத்துவிட்டாலும் தொடரில் ஒரு கீறல் விழாது. ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்றால், மற்ற நாற்பத்து நான்கையும் மறந்துவிட்டு அதை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

எனக்கு ஒரு விதி இருந்தது. நடத்திப் பார்க்காத எதையும் எழுதுவதில்லை. கதாநாயகன் நாற்பது விநாடியில் நடைகூடத்தைக் கடக்கிறான் என்றால், முதலில் ஒருவர் ஓட வேண்டும், நான் ஸ்டாப்வாட்சைப் பிடிக்க வேண்டும். ஒருவன் பனிக்கட்டிக்குள் கை வைத்து எட்டு நிமிடம் தாக்குப்பிடிக்கிறான் என்று எழுதுவதற்கு முன் ஒரு வாளிப் பனிக்கட்டிக்குள் என் கையை விட்டேன். மூன்றரை நிமிடத்தில் எடுத்துவிட்டேன். எட்டை அடித்து மூன்று என்று திருத்தினேன். இரண்டு நாள் தூங்காதவன் எப்படிப் பேசுவான் என்று தெரிந்துகொள்ள மேக்கப்காரரைத் தூங்க விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தேன். முப்பத்தொன்பதாவது மணி நேரத்தில் அவர் செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். அதை அப்படியே எழுதினேன், நல்ல காட்சி. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அது வேறு விஷயம். ஸ்டுடியோவில் என் பெயரே 'ஸ்டாப்வாட்ச்' என்று ஆகிப்போனது. கிண்டலாகத்தான் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பதினேழாவது நடத்திப் பார்க்கப்படாத எபிசோடு. அது எழுதப்பட்டபோது நான் மருத்துவமனையில் காலில் கட்டோடு கிடந்தேன். ஏணியிலிருந்து ஒருவன் எத்தனை விநாடியில் இறங்க முடியும் என்று நானே இறங்கிப் பார்த்ததில் கால் முறிந்தது. அதே வாரம் படப்பிடிப்புக் கூடத்தின் கூரை ஒழுகி, எங்கள் கப்பல் முழுக்க நனைந்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஓர் அறையும் ஒரு கதவும்தான். ஸ்கிரிப்ட் இல்லை. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நான் வேணா எழுதிப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார் எங்கள் ஒலிப்பதிவாளர். என் தங்கையின் கணவர்.

அவரை ஸ்டுடியோவில் 'மைக்' என்பார்கள். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். சாது. யாராவது காலை மிதித்தால்கூட, மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரெக்கார்டர் இருக்கும். கதவு கிறீச்சிடுவது, குழாய் சொட்டுவது, யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது என்று கண்டதையும் பதிவு செய்வார். பாதி நேரம் சுவிட்சைப் போட்டுவிட்டு அதை மறந்தும் போவார். இலக்கணமாக நான்கு வரி எழுதத் தெரியாது. அவர் மூன்று நாளில் எழுதியதுதான் நீங்கள் சாப்பிடாமல் படுத்த அந்தக் காவியம்.

கதை இதுதான். கப்பலில் பற்றவைப்பு வேலை, அதாவது வெல்டிங், செய்யும் பெண் ஒருத்தி, ஒரு சின்ன அறையில் விரிசலை அடைத்துக்கொண்டிருக்கிறாள். காற்று கசிந்து வெளியேற, கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. வெளியே நிற்கும் கதவுக் காவலாளி அவள் கணவன். கதவைத் திறந்தால் இருநூறு பேரும் போய்விடுவார்கள். அவளுக்கு மிச்சமிருப்பது இருபத்திரண்டு நிமிடக் காற்று. அந்த இருபத்திரண்டு நிமிடமும் இருவரும் இன்டர்காம் வழியாகப் பேசுகிறார்கள். எதைப் பற்றி? போர்வையை எந்தப் பெட்டியில் வைத்தாள், தொட்டிச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும், நாற்காலி ஏன் கிறீச்சிடுகிறது. கடைசியில் அவள், "நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். நீ பேசிட்டே இரு" என்கிறாள். அவ்வளவுதான். அந்த வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எனக்கு இது பச்சையாகக் காது குத்துகிற வேலை என்று முதல் தடவை பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இரட்டைக் கதவு இல்லாமல் எந்த மடையன் விண்கப்பல் கட்டுவான்? என்னுடைய நாற்பத்து நான்கிலும் எல்லா அறைக்கும் இரட்டைக் கதவு உண்டு. அது போகட்டும். மூச்சு முட்டிச் சாகப்போகிறவள் செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசுவாளா? கத்துவாள். கதவைப் பிறாண்டுவாள். திறக்காதவனின் ஏழு தலைமுறையையும் திட்டுவாள். அதைவிட அபத்தம், வெளியே நிற்கிறவன் கதவை அறைந்து அறைந்து அழுகிறான். உள்ளே இருப்பவள் அவனுக்கு ஆறுதல் சொல்கிறாள். காற்று இருக்கிற பக்கம் நிற்பவன் எதற்காகக் கத்த வேண்டும்? மனிதர்களைத் தலைகீழாகப் பிடித்து எழுதியிருக்கிறார். இதைச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சன் என்பார்கள். நான் சொன்னது கணக்கு. அதற்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை.

வருடாவருடம் ஒரு மண்டபம் பிடித்து ரசிகர்கள் கூடுவார்கள். ஒருமுறை என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருந்தேன். வந்த கேள்விகள் பத்தொன்பது. பத்தொன்பதும் பதினேழாவதைப் பற்றி. ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து, தன் மகளுக்கு அந்தப் பற்றவைப்புக்காரியின் பெயரை வைத்திருப்பதாகச் சொன்னார். மண்டபமே கைதட்டியது. மாப்பிள்ளை கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேடைக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அந்த அடக்கம் நடிப்பு என்பது என் அபிப்பிராயம்.

தங்கையைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் நோயில் போய்விட்டாள். கடைசி வாரத்தில், அவள் பார்க்கட்டும் என்று நாற்பத்தைந்து எபிசோடையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன்.

"அண்ணா, அந்தப் பதினேழாவதை மட்டும் போடேன்" என்றாள்.

"முப்பத்தொண்ணு பாரேன். கலகம் வர்ற எபிசோடு. உனக்குப் பிடிக்கும்."

"அதெல்லாம் நல்லாத்தான்ணா இருக்கும். ஆனா அதுல யாரும் யார்கிட்டயும் பேசறதே இல்லையே. ஒருத்தருக்கொருத்தர் விளக்கம்தானே சொல்லிக்கிறாங்க."

போட்டேன். வசனத்தோடு சேர்ந்து அவள் உதடும் அசைந்தது. அன்றைக்கு எனக்கு வலித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதனால்தான் இதைச் செய்தேன் என்று முடிச்சுப் போடாதீர்கள். அவள் போன பிறகு மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமைத்து எனக்கு டப்பாவில் சாப்பாடு கொண்டுவருவார். உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை கம்மி. சாப்பிட்டேன், ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

போன மாதம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. தொடரின் முப்பதாவது ஆண்டுக்கு மலர் போடுகிறார்களாம். அதில் பதினேழாவது எபிசோடை இன்றைய கண்ணோடு மறுமதிப்பீடு செய்து ஒரு கட்டுரை வேண்டுமாம். நான் எழுதினால் பொருத்தமாக இருக்குமாம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒப்புக்கொண்டேன். மலருக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் பன்னீர் தெளிப்பார்கள். ஒருவராவது நியாயமாக எழுத வேண்டாமா? நியாயமாக எழுத வேண்டுமென்றால் முப்பது வருடமாகப் பாக்கி நிற்கிற வேலையை முதலில் முடிக்க வேண்டும். அந்தக் காட்சியை நடத்திப் பார்க்க வேண்டும்.

நானே உள்ளே போயிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நான் உள்ளே போனால் வாட்சை யார் பிடிப்பது? அதோடு, எழுதியவர் எழுதியதற்குப் பொறுப்பேற்பதுதான் முறை.

நிலையம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் டேப் அறை மட்டும்தான் இன்னும் காலியாகவில்லை. பழைய தொடர்களுக்கு நான் ஆலோசகன் என்பதால் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க மாட்டார்கள், டேப் வீணாகிவிடும். குழாய் வழியாக வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். வாயுவைத் திறக்கும் திருகு வெளிச் சுவரில் இருக்கிறது. கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல வருடம் ஆகிறது. உள்ளே வேலை செய்பவர் வெளியே பேசுவதற்கு ஓர் இன்டர்காம் பெட்டி உண்டு. எழுதி வைத்தாற்போல எல்லாம் பொருந்தியது. இருபத்திரண்டு நிமிடத்துக்குத் திருகை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அது என் நோட்டில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை.

நான் கொடூரன் அல்ல. ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். அவர் ஒரே ஒரு முறை கத்தினால் போதும், அல்லது கதவை ஓங்கித் தட்டினால் போதும், அந்தக் கணமே கதவைத் திறந்துவிடுவது. பதினேழாவது பொய் என்பது அத்தோடு நிரூபணமாகிவிடும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். திரும்பும் வழியில் எங்காவது காபி குடிக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நிபந்தனையை அவரிடம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொன்னால் அது சோதனையாகாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போனோம். காவலாளிக்கு வாராந்தர விடுப்பு. எங்கள் இருவரைத் தவிர அந்தக் கட்டடத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. மாடி மாடியாக ஏறி நானே பார்த்தேன். பதினேழாவதின் மூல டேப்பை எடுத்து ஒலியைச் சரிபார்க்க வேண்டும் என்றுதான் மாப்பிள்ளையை வரச் சொல்லியிருந்தேன். அவர் ஆசையாக உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். திருகைத் திறந்தேன். வாட்சை அழுத்தினேன்.

ஒரு நிமிடம் கழித்து இன்டர்காமில், "மச்சான், கதவு சாத்திக்கிச்சு பாருங்க" என்றார்.

"பார்க்கிறேன்" என்றேன்.

"டேப் கெடைச்சிடுச்சு. மேல் தட்டுலதான் இருந்திருக்கு. மேல ஏதோ உஸ்ஸுனு சத்தம் வருதே, கேக்குதா உங்களுக்கு? பைப் ஏதாவது லீக்கா?"

ஒலிப்பதிவாளர் அல்லவா, அது முதலில் காதில் விழுந்துவிட்டது. எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

நான்காவது நிமிடத்தில், "நீங்க தனியா கதவை இழுத்துக்கிட்டு நிக்காதீங்க. கால் வேற சரியில்ல உங்களுக்கு. அங்க ஸ்டூல் கிடக்கும், உக்காருங்க. யாருக்காவது போன் பண்ணுவோம்" என்றார். அவருடைய செல்போன் என் காரில் இருந்தது. குரலில் பதற்றம் இல்லை. கதவு தற்செயலாக மாட்டிக்கொண்டது என்றும், நான் வெளியே தவித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் அவர் நம்பியதுதான் காரணம். நம்பிக்கையில் இருப்பவன் அமைதியாக இருப்பதில் அதிசயம் இல்லை. இதை மதிப்பெண்ணில் சேர்க்க முடியாது. ஆகவே ஒன்பதாவது நிமிடத்தில் உண்மையைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, கதவு தானா சாத்தல. நான்தான் சாத்தினேன். வாயுவையும் நான்தான் திறந்துவிட்டிருக்கேன். இது பதினேழாவதுக்கான சோதனை."

இருபத்தாறு விநாடி சத்தமே இல்லை. இப்போது கத்துவார் என்று தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"திறங்க மச்சான்" என்றார். தண்ணீர்ச் சொம்பை இப்படித் தள்ளுங்கள் என்று சொல்கிற குரல். அது கத்தல் ஆகாது. கையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க எழுதினதை நடத்திப் பாக்கலையே மாப்பிள்ளை. அதான்."

"நடத்திப் பாத்தோமே" என்றார். "நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்போ. உங்க வாட்சை அவதான் எடுத்துட்டு வந்தா. அண்ணன் வந்ததும் முதல்ல அதைத்தான் கேட்பாரு, அப்ப நாம முழிக்கக் கூடாதுன்னு சொன்னா. இதே ரூம்தான் மச்சான். அவ உள்ள, நான் வெளிய. இருபத்திரண்டு நிமிஷம். அவ பேசினதைத்தான் எழுதினேன். போர்வை, செடி, நாற்காலி, எல்லாமே. கண்ணை மூடிக்கிறேன்னு சொன்னதும் அவதான். எனக்கு எங்க மச்சான் எழுத வரும்?"

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்ல வருவோம். அந்தப் பேச்சை எடுத்தாலே நீங்க எழுந்து போயிடுவீங்களே."

இது எனக்குப் புதுத் தகவல். நியாயமாகப் பரிசீலித்தேன். தங்கை உள்ளே இருந்தபோது அறையில் காற்று இருந்தது. கதவு திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் கதவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டதற்குப் பெயர் சோதனை அல்ல. என் வாட்சை எடுத்துப் போனதால் மட்டும் அது சோதனையாகிவிடாது. நிராகரித்தேன்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கார்ல பின் சீட்டுல பை இருக்கு. பச்சை மூடி டப்பாவை இன்னைக்கே சாப்பிட்டுடுங்க. வெள்ளை மூடி நாளைக்கும் தாங்கும். பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எழுதிய எபிசோடைக் காப்பாற்றுவதற்காக மனிதர் நடிக்கிறார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நடிப்பைப் பிடித்துவிடுவது எளிது, கொஞ்சம் விட்டுப்பிடித்தால் போதும், தானே உடையும். காத்திருந்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் நாக்குக் குழற ஆரம்பித்தது. என் வீட்டு வெளிக்கதவின் கீலுக்கு எண்ணெய் போட வேண்டும், அந்தக் கிறீச் சத்தம் நன்றாக இருக்கிறது என்பதால்தான் இத்தனை நாள் தான் போடாமல் விட்டதாகச் சொன்னார். பதினேழாவது நிமிடத்தில், "அவ இருந்தா உங்களைத் திட்டுவா மச்சான். கொஞ்ச நேரம்தான் திட்டுவா" என்றார். பதினெட்டில் தரையில் ஏதோ சரிகிற சத்தம்.

பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை என் நோட்டில் குறிப்பு எதுவும் இல்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டில் வாட்சை நிறுத்தி, திருகை மூடி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, உங்களுக்குப் போன் செய்தேன். அவர் கதவோரமாகச் சாய்ந்திருந்தார். டேப் மடியில் இருந்தது.

என் தங்கையின் கணவரைக் கொன்றது நான்தான். யார் தூண்டுதலும் இல்லை, சுய நினைவோடு செய்தேன். ஆனால் நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். ஒரு கத்தல். எந்த மனிதனும் செய்யக்கூடிய காரியம். கைக்குழந்தைகூடச் செய்யும். பிடிவாதமாகச் செய்யாமல் இருந்தது அவர். நீதிபதி இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

கட்டுரையை ஞாயிறு இரவே மனதில் முடித்துவிட்டேன், நிலையத்துக்கு நீங்கள்தான் அனுப்பி வைக்க வேண்டும். ஒலிப்பதிவு நேர்த்தி, ஒத்துக்கொள்கிறேன். ஒரே அறையில் முழு எபிசோடையும் எடுத்த சிக்கனம், அதுவும் சரி. பாத்திரங்கள் நம்பும்படி இல்லை. நெருக்கடியில் மனிதர்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. நூற்றுக்கு முப்பத்தைந்து.

கடைசியாக அந்த ரெக்கார்டர் விஷயம். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் கிடைத்ததாகச் சொல்லி நேற்று சாயங்காலம் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அவர் வழக்கம்போலச் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார். முதல் பதினெட்டு நிமிடம் நான் மேலே எழுதியபடியே இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் கதவை யாரோ வெளியிலிருந்து மாற்றி மாற்றி அறைகிற சத்தம். ஒரு குரல், "கத்துடா, ஒரே ஒரு தடவை கத்துடா, உன் கால்ல விழறேன், கத்தித் தொலைடா, நான் திறக்கணும்டா" என்று அழுகிறது. திரும்பத் திரும்ப மூன்று நிமிடம் அதையே சொல்கிறது. நடுவில் மாப்பிள்ளையின் குரல் லேசாகக் கேட்கிறது: "கத்தாதீங்க மச்சான். தொண்டை கட்டிக்கும்."

அது என் குரல் என்கிறீர்கள். உங்கள் எழுத்தர் என் கையைப் பார்க்கிறார். அது என் குரல் இல்லை. நான் நின்றது காற்று இருக்கிற பக்கம். எனக்குக் கத்த வேண்டிய அவசியமே கிடையாது. தவிர, முப்பத்து நான்கு வருடத்தில் மாப்பிள்ளையை நான் ஒரு நாளும் 'டா' போட்டுப் பேசியதில்லை. தெரிந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் நாங்கள் இருவரைத் தவிர அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஆகவே அங்கே கதவை அடித்துக்கொண்டு அழுதது யார் என்று கண்டுபிடிப்பது இனி உங்கள் வேலை.